ராக் கிளைம்பிங்: ‘ஜிம் பசங்க’ளுக்குப் பாறையைச் சொல்லித்தரப் போவது யார்?

2015 ஜனவரி 14. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா. சுமார் 900 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் எல் கேப்பிட்டன் பாறையின் உச்சிக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். டாமி கால்டுவெல், கெவின் ஜார்ஜ்சன். ‘டான் வால்’ என்ற அந்தப் பாதையை வெறும் கை, கால் பலத்தில் ஏறி முடிக்க அவர்களுக்கு 19 நாட்கள் ஆனது. கயிறு இருந்தது, ஆனால், விழுந்தால் தாங்குவதற்கு மட்டும்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாமே பாறையில் தொங்கவிட்ட கூடாரத்தில்.

இந்த ஜோடியில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கால்டுவெல்லின் அப்பா மலையேற்ற வழிகாட்டியாக இருந்தவர். மகனைச் சின்ன வயதிலேயே கயிறு கட்டிப் பாறைக்குக் கூட்டிப்போனவர். ஜார்ஜ்சனோ கலிபோர்னியாவின் சான்டா ரோசாவில் ஒரு கிளைம்பிங் ஜிம்மில் ஏறி வளர்ந்தவர். டான் வாலுக்கு வரும் முன் இவ்வளவு பெரிய சுவரில் ஏறிய அனுபவம் அவருக்குக் கிடையாது. 15-வது பகுதியில் அவர் நாள்கணக்கில் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தார். அதைத் தாண்டிவிட்ட கால்டுவெல் தனியாக முடித்துப் பெயர் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை, காத்திருந்தார்.

ஜார்ஜ்சனைப் போல ஜிம்மில் தொடங்கும் இளைஞர்கள் இன்று உலகம் முழுக்க ஏராளம். கயிற்றின் மறுமுனையில் காத்திருந்து சொல்லித்தரும் கால்டுவெல்கள்தான் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பாறையேற்றத்தில் ஜிம் கொண்டுவந்திருக்கும் உண்மையான மாற்றம் இதுதான்.

அப்போ எப்படிக் கற்றார்கள்?

1950, 60களில் யோசெமிட்டியின் ‘கேம்ப் 4’ முகாம்தான் அமெரிக்கப் பாறையேற்றத்தின் திண்ணைப் பள்ளிக்கூடம். 1958-ல் எல் கேப்பிட்டனை முதன்முதலில் ஏறி முடித்த வாரன் ஹார்டிங், ராயல் ராபின்ஸ், இவான் ஷுனார்ட் எல்லோரும் அந்தக் காலத்து ஆட்கள். புதிதாக வருபவர் சீனியர்களுக்குக் கயிறு பிடித்து, பை சுமந்து, கூடவே இருந்துதான் தொழிலைக் கற்க முடியும்.

கற்றது வித்தை மட்டுமல்ல, ஒழுங்கும்தான். ஷுனார்ட், பாறை வெடிப்புகளில் அடித்து இறக்கும் ‘பிட்டான்’ எனப்படும் இரும்பு ஆணிகளைச் செய்து விற்றவர். அதை அடித்து அடித்துப் பிடுங்கியதில் பாறைகளில் நிரந்தரத் தழும்பு விழுந்தது. 1972-ல் அவரது கம்பெனியின் விற்பனைப் புத்தகமே, ஆணியை விட்டுவிட்டு, கையாலேயே வெடிப்பில் செருகி எடுக்கும் உலோகத் துண்டுகளுக்கு மாறச் சொன்னது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. அந்தக் குருகுலத்தின் வாசல் ரொம்பச் சின்னது. மலைக்குப் பக்கத்தில் வீடு, இல்லையென்றால் கார், வேலைவெட்டி இல்லாத நேரம், உள்ளே சேர்த்துக்கொள்ள ஒரு நண்பர்... இதெல்லாம் இருந்தவர்களுக்குத்தான் இடம். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள்.

ஜிம் திறந்த கதவு

1964-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற விரிவுரையாளர், கட்டடத்துக்குள்ளேயே செங்கல் சுவரில் கற்களைப் பதித்து ஏறப் பழகும் சுவர் ஒன்றை உருவாக்கினார். 1987-ல் சியாட்டில் நகரில் அமெரிக்காவின் முதல் வணிக கிளைம்பிங் ஜிம் வந்தது. மழை, குளிர், தூரம் எதுவும் இனி தடையில்லை. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்குப் போய் ஒன்பது மணிக்கு வீடு திரும்பலாம். கீழே தடிமனான மெத்தை இருப்பதால், உயரம் குறைந்த சுவரில் ஏறும் ‘போல்டரிங்’குக்குக் கயிறு பிடிக்கத் துணைகூட வேண்டாம்.

விளைவு என்ன? பெண்கள், குழந்தைகள், ஐம்பது வயதில் ஆசைப்பட்டவர்கள் என்று எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒரு தலைமுறைக்கே நாயகனான கிறிஸ் ஷர்மா தொடங்கியது 12 வயதில், சான்டா குரூஸ் நகர ஜிம் ஒன்றில். டோக்கியோவில் ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்த இந்த விளையாட்டில், 2024 பாரிஸில் பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19. ‘மூன்போர்டு’ போன்ற பலகைகள் உலகம் முழுக்க ஒரே மாதிரி. ஆப்பில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தால் பலகையில் விளக்கு எரியும். ஷெஃபீல்டில் ஒருவர் உருவாக்கிய பாதையை டோக்கியோவில் இருப்பவர் அன்று இரவே ஏறிப் பார்க்கலாம்.

உடல் பலத்திலும் உடலை வளைத்து நகர்த்தும் நுணுக்கத்திலும் ஜிம் தலைமுறை முந்தைய தலைமுறையைத் தாண்டிவிட்டது. இதில் சந்தேகமே வேண்டாம்.

ஜிம் சொல்லித்தராதது

ஆனால், எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவரை மறுநாளே கொல்லிமலை ஏற்றத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு அனுப்புவோமா? ஜிம்மிலிருந்து நேராகப் பாறைக்குப் போவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஜிம்மில் கயிற்றின் நீளத்தைச் சுவரின் உயரத்துக்கு ஏற்ப யாரோ சரிபார்த்து வைத்திருப்பார்கள். வெளியே அந்த ‘யாரோ’ நீங்கள்தான். கயிறு நீளம் குறைவாக இருந்து, முனையில் முடிச்சும் போடாமல் விட்டால், மேலே இருப்பவரை இறக்கும்போது கயிறு பிடிமானக் கருவியைத் தாண்டி நழுவிவிடும். அடுத்த நொடி அவர் தரையில். முடிச்சு போட ஆகும் நேரம் பத்து விநாடி. ஆனால், போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் இல்லையா?

இன்னொன்று மழை. ஜிம் சுவரில் இருக்கும் கலர் பிடிமானம் உடைந்தால் புதிதாக ஒன்றைத் திருகிவிடுவார்கள். மணற்பாறை அப்படியில்லை. ஈரமானால் அதன் பலம் குறைந்துவிடும். மேல்பரப்பு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மழை பெய்த மறுநாள் அவசரப்பட்டு ஏறினால் பிடிமானம் பிய்ந்துகொண்டு வரும். ஏறுபவருக்கும் ஆபத்து, பாறைக்கும் நிரந்தர இழப்பு.

மூன்றாவது, அந்த இடம் யாருடையது என்ற கேள்வி. டெக்சாஸின் ஹ்யூகோ டேங்க்ஸ் போல்டரிங் பிரியர்களின் சொர்க்கம். ஆனால், அங்குள்ள பாறைகளில் பழங்குடி மக்கள் வரைந்த பழமையான ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற 1998-ல் கட்டுப்பாடுகள் வந்தன. ஒரு பகுதியில் மட்டும், ஒரே நேரத்தில் 70 பேர்தான் வழிகாட்டி இல்லாமல் இருக்கலாம். மற்ற பகுதிகளுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். உள்ளே நுழையும் முன் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று சொல்லும் வீடியோவைப் பார்த்தாக வேண்டும். கூட்டம் ஒழுங்கு தவறினால் பாறைக்கே பூட்டு விழும் என்பது பயமுறுத்தல் அல்ல.

தப்பு யார் மேல்?

சீனியர்களிடம் கேட்டால், “இந்த ஜிம் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கிட்டு வர்றாங்க” என்று புலம்பல்தான் வரும். புலம்புவது சொல்லித்தருவது ஆகாது. அவர்களுக்கும் ஒரு காலத்தில் யாரோ பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள். இல்லையென்றால் இன்று புலம்ப ஆள் இருந்திருக்காது.

இளைஞர்களைத் திட்டியும் பயனில்லை. அவர்கள் கூட்டத்தில் இருந்து கற்கவில்லை, சந்தா கட்டிக் கற்றார்கள். சொல்லப்படாத ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அப்படியானால் பொறுப்பு முதலில் ஜிம்முக்கு. பாறை என்ற கனவைக் காட்டித்தான் அது ஆள் சேர்க்கிறது. சுவரில் மலைப் படம், பேச்சில் யோசெமிட்டி. ஆனால் “வெளியே போனால் உங்கள் பாடு” என்றால் எப்படி? மாதச் சந்தாவிலேயே ஒரு நாள் பாறை வகுப்பைச் சேர்க்கலாம். ஊரில் இருக்கும் பழைய கிளைம்பர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக்கலாம். முடிச்சு, இறங்கும் முறை, மழை விதி, உள்ளூர் மக்களிடம் நடந்துகொள்ளும் விதம்: இந்த நான்கும் தெரியாதவரை ஜிம் ஏற்பாடு செய்யும் பயணத்தில் சேர்க்காமல் இருக்கலாம். செலவு அதிகமில்லை. மனசுதான் வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு ஒரு குடும்பமே சாட்சி. ராபின் எர்பெஸ்ஃபீல்டு 1990களில் உலகக் கோப்பைகளை வென்றவர். பிறகு கொலராடோவில் குழந்தைகளுக்கான கிளைம்பிங் ஜிம் தொடங்கினார். அங்கே வளர்ந்த மகள் புரூக் ரபூட்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வெள்ளி வென்றார். 2025 ஏப்ரலில் இத்தாலியின் ‘எக்ஸ்காலிபர்’ பாறைப் பாதையை முடித்து, 9பி+ என்ற கடினநிலையைத் தொட்ட முதல் பெண் ஆனார். ஜிம்மும் வேண்டும், சொல்லித்தர ஆளும் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் கிடைத்தது அவருக்கு அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு அதை ஜிம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நமக்கு என்ன?

இது அமெரிக்கக் கதையாக மட்டும் நிற்காது. சான்டா குரூஸ் ஜிம்மில் தொடங்கிய ஷர்மா ஹம்பியின் பாறைகளில் ஏறியதைக் காட்டும் ‘பில்கிரிமேஜ்’ என்ற படம் 2003-லேயே வந்துவிட்டது. பெங்களூருவில் சுவரேறிப் பழகுபவர்களுக்கு வார இறுதி என்றால் ஹம்பி, பாதாமி. ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னம். பாதாமியில் இருப்பது சாளுக்கியர் குடைந்த கோயில்கள் நிற்கும் அதே மணற்பாறை. மழை விதி அங்கேயும் உண்டு.

ஆக, ஜிம்மில் நன்றாக ஏறும் நண்பர் ஒருவர் “அடுத்த வாரம் பாதாமி போறேன்” என்று சொன்னால் வாழ்த்துச் சொல்லுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: “யார் கூடப் போறீங்க?”