ஆகாயத்தில் வந்தவளுக்கு அரை மைல் போக பஸ் இல்லை!

என் தங்கை மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து 2024 டிசம்பரில் ஊருக்கு வந்தாள். விமானம் திருச்சியில் இறங்குவது நடுராத்திரி. அவளை அழைத்து வர நானும் அம்மாவும் பச்சைமலை அடிவாரத்திலிருந்து மதியமே கிளம்பி விட்டோம். துறையூர் வந்து, அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, பிறகு டவுன் பஸ் பிடித்து ஏர்போர்ட் என்று போய்ச் சேர்வதற்குள் இருட்டி விட்டது.

பஸ் எங்களைப் புதுக்கோட்டை ரோட்டிலேயே இறக்கி விட்டுப் போய்விட்டது. "உள்ளே நடந்து போயிடுங்கம்மா" என்றார் கண்டக்டர். முழங்கால் வலிக்காரியான அம்மா நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தாள். பழைய கட்டடம் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. புது முனையம் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது.

கட்டடத்தைக் குறை சொல்லவே முடியாது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, வருஷத்துக்கு 44 லட்சம் பேருக்கு மேல் வந்து போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். 2024 ஜனவரி 2ம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கே வந்து போகின்றன. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் நிறங்கள், கோலங்கள் என்று பார்க்கவே கண் நிறைகிறது. ஆனால் வாசலுக்கு வந்து நிற்க வேண்டிய பஸ்ஸை யாரும் நினைக்கவில்லையே!

தங்கை வெளியே வந்தபோது ஊர் அடங்கிவிட்டது. துறையூருக்குக் கடைசி பஸ்ஸும் போயாச்சு. வாடகைக் கார் கேட்டோம், மூவாயிரம் என்றார்கள். "அக்கா, நான் எத்தனை நாள் பாத்திரம் தேய்ச்ச காசு தெரியுமா அது? விடியட்டும், பஸ்ஸிலயே போவோம்" என்று சொல்லிவிட்டாள். பெட்டியை அணைத்துக் கொண்டு, கொண்டு போன புளிசோற்றை மூணு பேரும் பிரித்துச் சாப்பிட்டு, மார்கழிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். எங்களை மாதிரி இன்னும் பல குடும்பங்கள், கைக்குழந்தையோடு கூட, அங்கே இருந்தன.

விடிந்ததும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தோம். வந்த பஸ்ஸில், "இவ்வளவு சாமானை எங்கம்மா வைக்கிறது? ஆட்டோல போங்க" என்று சொல்லிவிட்டார்கள். சத்திரம் போக ஆட்டோவுக்கு ஐந்நூறு. ஆட்டோக்காரரையும் நான் குறை சொல்லவில்லை. திரும்பும்போது காலி வண்டியாக வர வேண்டும், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

"பிளேனில் போகிறவர்களுக்கு டவுன் பஸ் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை, பெங்களூரு பக்கம் எப்படியோ, திருச்சி ஏர்போர்ட் நம்மைப் போன்றவர்களுடையது. சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பிழைக்கப் போகிறவர்களும் அவர்களை வழியனுப்ப வருகிறவர்களும்தான் அங்கே அதிகம். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர், அரியலூர் என்று சுற்றுவட்டாரமே அங்கேதான் வருகிறது. தாலிக்கொடியை அடகு வைத்து டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனை பேர்! அது போக, அங்கே துப்புரவு வேலை, கடை வேலை பார்க்கிற பெண்களும் ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப வேண்டாமா?

மற்ற ஊர்களில் முடிந்திருக்கிறது. சென்னையில் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். 2016 முதல் மெட்ரோ ரயிலும் வாசலுக்கே வருகிறது. பெங்களூரில் ஏர்போர்ட்டுக்கென்றே 'வாயு வஜ்ரா' என்று தனி பஸ்கள், ராத்திரியிலும் உண்டு. கொச்சியில் 2025 ஜனவரியில் ஆலுவா மெட்ரோ நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு மின்சார பஸ் விட்டார்கள்.

நம் ஊரில் மட்டும் முடியாதா என்ன? வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக்குச் சிறப்பு பஸ்கள் விட்டு, அத்தனை கூட்டத்தையும் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற ஊர்தானே இது! டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் அறிவித்தது நமக்குப் பெரிய உதவி. ஆனால் பஸ்ஸே இல்லாத ராத்திரியில் அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முனையத்து வாசலிலிருந்து ஜங்ஷன், சத்திரம், ஸ்ரீரங்கம் வரை ஒரு பஸ். 2025 மே மாதம் திறந்த பஞ்சப்பூர் பஸ் நிலையத்துக்கு ஒன்று. பெரிய விமானங்கள் இறங்குகிற நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி, ராத்திரியிலும் மணிக்கு ஒன்றாவது விட்டால் போதும். பெட்டி வைக்க இடம், நிற்கிற இடத்தில் விளக்கு, நிழற்குடை, பஸ் நேரம் எழுதிய ஒரு பலகை. சாமானுக்குத் தனிக் கட்டணம் என்றாலும் சந்தோஷமாகக் கொடுப்போம்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது, தோழியரே. பஸ் விட்டால் ஏறிப் போக வேண்டும். காலியாக ஓடுகிறது என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிற மாதிரி விட்டுவிடக் கூடாது.

தங்கை திரும்பவும் மஸ்கட் போய்விட்டாள். அடுத்த தடவை அவள் வரும்போது, அம்மாவை ரோட்டோரம் உட்கார வைக்காமல் வாசலிலேயே பஸ் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை. சம்பந்தப்பட்டவர்கள் மனசு வைப்பார்களா?

- ஒரு வாசகி, பச்சைமலை அடிவாரம், திருச்சி மாவட்டம்.