அஞ்சுவது யாருக்கு?

காற்றாடிமலைக்குத் திருப்பயணம் போகிறோம். மறைசாட்சி தேவசகாயம் உயிர் கொடுத்த மண்ணில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். வீடு திரும்பியதும், திருமணத்திற்கு நேரம் குறிக்க இராகு காலம் பார்க்கிறோம். வரன் தேடுகையில் முதற்கண் சாதியை விசாரிக்கிறோம். ஏனென்று கேட்டால், "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்கிறோம். இதற்கு மரபு என்று பெயரிட்டாலும் உண்மைப் பெயர் அச்சமே.

1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அந்த அரண்மனை அலுவலருக்குப் பதவி, உறவு, மதிப்பு எல்லாம் இருந்தன. சாதி பாராது எல்லாரோடும் பழகினார், விலங்கிடப்பட்டார், எருமை மீதேற்றி இழிவுபடுத்தப்பட்டார், 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அச்சமே அறியாதவர் என்று நாம் சொல்லவில்லை. கெத்சமனியில் ஆண்டவரும் கலங்கினாரே! கலக்கத்தின் நடுவிலும் தந்தையின் திருவுளத்திற்குப் பணிந்தார். அச்சம் வருவது இயல்பு. அதற்குக் கீழ்ப்படிவதே விசுவாசக் குறைவு.

அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910 இல் அது இடிக்கப்பட்டது. ஆனால் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் அச்சுவர் நிற்கிறது. நம் நெஞ்சங்களிலும் நிற்கிறது. இறந்த பின்னும் அயலாரைப் பிரித்து வைப்பவர்கள் உயிர்ப்பை எப்படி அறிக்கையிடுவது?

2022 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெருமிதம் கொண்டோம். புனிதரைப் போற்றுவதற்குச் செலவில்லை, பின்பற்றுவதற்கு உண்டு. அடுத்த வரன் பேச்சில் "என்ன சாதி?" என்ற கேள்வியைக் கேளாதிருப்போம். கீழ்ப்படிதல் அங்கே தொடங்கட்டும்.