மக்கள் பாடலுக்கு ஒரே முகமா?

நாட்டுப்பாடல் என்றவுடன் நமது அறிஞர் பெருமக்களுக்கு இரண்டே எண்ணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, கள்ளங்கபடமற்ற பாமரனின் களிப்பு. மற்றொன்று, கதியற்றவனின் புலம்பல். முன்னதற்குப் போட்டி மேடையிலே பட்டுடுத்தி ஆடவைக்கின்றனர். பின்னதற்கு ஆய்வரங்கிலே அனுதாபம் தெரிவிக்கின்றனர். உழைப்பவன் நகைக்கவும் அறிவான், தன்னைச் சுரண்டுபவனை எடைபோடவும் அறிவான் என்ற உண்மையை இரு சாராருமே மறைத்துவிடுகின்றனர்.

மன்னார்க் கரையிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி இழுக்கின்றனர். தெய்வத்தை விளித்த வாய் அடுத்த கணமே காதலைப் பேசும், கேலிக்குத் தாவும், களைப்பைச் சொல்லும். இதிலே எது களிப்பு, எது துயரம்? வகைப்படுத்த முனையும் புலவர்கள் ஒருநாளேனும் வலைக்கயிற்றைத் தொட்டிருப்பாரா?

கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பு உலகறிந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. கல்லிலே கால்வைத்து மூழ்கியவருக்கு மூன்றில் ஒன்று. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதக் கடற்கட்டிகளும் இருந்தனர். சிப்பிகளின் தொகை கணக்கேட்டில் ஏறிற்று. மூழ்கியவனின் அச்சத்துக்கு அந்த ஏட்டில் இடமில்லை. அவ்வாறு விடுபட்டதை எழுதிக்கொள்ள உழைக்கும் மக்களுக்குப் பாட்டன்றி வேறு ஏடு ஏது?

இதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையகம் சேர்ந்த தோட்டத் தொழிலாளரும் அந்த ஏட்டிலேதான் எழுதினர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த அவர்தம் பாடல்களைப் படிப்போர், கண்டிச் சீமைத் துயரோடு கங்காணி மீதான நையாண்டியையும் காண்பர்.

அமெரிக்காவின் பருத்தி வயல்களிலே அடிமைகளின் வழிவந்தோர் படைத்த புளூஸ் இசையும் இத்தகையதே. பெயர் துயரத்தைக் குறிப்பினும், காமமும் குறும்பும் சினமும் அதிலே நிறைந்துள்ளன. அதனைக் கற்றுப் பாடிய வெள்ளை இனத்து இரயில்வேத் தொழிலாளி ஜிம்மி ரொஜர்ஸ், 1933இல் தன்னைக் கொன்ற காசநோயையே பாட்டாக்கினார். தொழிலாளரின் செவிக்கு நிறபேதம் இருக்கவில்லை. இசைத்தட்டு முதலாளிகளோ 1920களிலே கறுப்பரின் பாட்டுக்கு ஒரு பட்டியல், வெள்ளையரின் பாட்டுக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து விற்றனர். (வியாபாரிக்கு எதையும் பிரித்தால்தானே இலாபம்!)

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? ஒரே கடலில் உழைத்தவர்களின் பாட்டை இந்துப் பாட்டு, கத்தோலிக்கப் பாட்டு, முஸ்லிம் பாட்டு என்று கூறுபோடுகிறோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது கொண்டச்சி மக்களும் ஊரிழந்தனர். புத்தளத்து முகாம்களிலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2009இன் பின் திரும்பிய முதியோரின் நினைவிலே எஞ்சியிருக்கும் பாட்டுக்களும் அவர்களோடு போய்விடும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, விடுமுறையில் இக்கரைக்கு வாருங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். முதலாளியை ஏசும் அடி வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். முகம் சிவக்கவைக்கும் அடி வந்தால் புள்ளியிட்டு மறைக்காதீர்கள். பாடியவர் இடையிலே சிரித்தாரானால் அதையும் ஓரத்திலே குறித்து வையுங்கள்.