கறுப்புப் பட்டையும் நெல்லின் உருவமும்

நம்ம கூட்டங்களில் வயல் வீடியோவை டிவியில் போட்டால், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் ஒல்லியாகப் படம். பின்வரிசையில் இருப்பவருக்குக் கதிரும் தெரியாது, களையும் தெரியாது.

இன்றைய டிவியின் அகல உயர விகிதம் 16:9. போனை நெட்டுக்குப் பிடித்து எடுத்த படம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. கையடக்க கேமராவில் 4:3 அளவில் எடுத்தால் கால் பங்கு திரை வீண்.

'இழுத்து நிரப்பிட்டா போச்சு' என்பார்கள். அது கூடாது என்பதே என் கருத்து. அப்படி இழுத்தால் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும். படுக்க வெச்ச நெல் நீளமாகும், நிறுத்தி வெச்ச நெல் குண்டாகும். மணியின் நீள அகலத்தைப் பார்த்துத்தானே ரகம் சொல்றோம்? மேலும் கீழும் வெட்டி நிரப்பினாலோ கதிரும் வேரும் போய்விடும்.

எடுக்கும்போதே கேமராவில் 16:9 வையுங்கள். போனைப் படுக்கையாகத் திருப்பிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமான பயிரா? நாலடி பின்னால் போங்க. வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்றால் நெட்டுக்கே எடுக்கலாம். பழைய 4:3 பதிவுகளைப் பட்டையோடவே காட்டுங்க.

நம்மாழ்வார் ஐயா 2013-லும் நெல் ஜெயராமன் 2018-லும் மறைந்தார்கள். அவர்கள் பேச்சை இனி பதிவில்தான் கேட்க முடியும். எங்க திருநாவலூர் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த விதைச் சேதியையும் பதிய வேண்டியிருக்கிறது. மறுபடி எடுத்துக்கலாம்னு இருக்க முடியாது.