கடைக்கு வழி தெரியும். கரைக்கு வழி எது?

தோழரே! தமிழ்நாட்டில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சென்று, எதிர்ப்படுபவரை நிறுத்தி, "மதுக்கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சிறுவனும் கைகாட்டுவான், மூதாட்டியும் முகம் சுளித்தபடியே வழி சொல்லுவாள். அடுத்து, "குடியை விட்டொழிக்க விரும்புகிறேன், எங்கே செல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். கோயிலிலே கயிறு கட்டச் சொல்வார் ஒருவர். மனத்திலே உறுதி இருந்தால் போதும் என்பார் இன்னொருவர். சுவர் விளம்பரத்திலே கண்ட தொலைபேசி எண்ணை நினைவுபடுத்துவார் மற்றொருவர். சிரித்துவிட்டு நடப்பவரே பலர். கெடுவதற்கு வழி ஒன்று. அதனை ஊரே அறியும். மீள்வதற்கு வழி பல. அவற்றை அறிந்தார் மிகச் சிலர். இந்த அவலம் ஏன்? இதனை மாற்றுவது எங்ஙனம்? இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதனைத்தான்.

மதுவைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஈரோட்டிலே நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் களம் கண்டனர், 1921-இல். சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு வந்தது, 1937-இல். மாகாணம் முழுவதற்கும் அது விரிந்தது, 1948-இல். 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி கதவு திறந்தது. 1983-இல் மது வாணிபத்துக்கென அரசுக் கழகமே பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்து சேர்ந்தது. 2016-இல் 500 கடைகள், 2017-இல் 500 கடைகள், 2023-இல் 500 கடைகள் என மூடியும் பார்த்தாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் அரசியல் கடையின் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே, விடியற்காலையிலே கை நடுங்க நிற்கின்றானே, அவனைப் பார்த்தோமா?

கடையை மூட வேண்டா என்று கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடை குறையத்தான் வேண்டும். ஆனால் கடை மூடிய அன்றே நோய் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. கடைகள் ஒரே மூச்சில் அடைபட்டன. அண்டை மாநிலமாம் கேரளத்தில், மது கிடைக்காத துயரிலே தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர் சிலர். மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மது வழங்கலாம் என்று அங்குள்ள அரசு ஆணையிட்டது, மருத்துவர்கள் எதிர்த்தனர், உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. கடை திறந்திருந்தபோதோ? 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திறந்தாலும் சாவு, மூடினாலும் சாவு என்றால், மருந்து வேறெங்கோ இருக்கிறது என்பதன்றோ பொருள்?

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். நடுவண் அரசுக்காக அகில இந்திய மருத்துவக் கழகம் நடத்தி, 2019-இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள்: இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர், அவர்களுள் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5 கோடியே 70 இலட்சம். மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே எவ்வகையேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். எஞ்சிய 37 பேருக்கு நாம் தந்தது என்ன? அறிவுரை! வசை! எள்ளல்! காசநோயாளியிடம் மன உறுதி பற்றிச் சொற்பொழிவாற்றுவோமா? இவனிடம் மட்டும் ஏன்?

ஆதலின், மீளும் வழிகள் எவையெவை, எது எவருக்குப் பொருந்தும் என்பதை இங்கே வரிசைப்படுத்திச் சொல்கிறோம். உங்கள் வீட்டுக்கு வேண்டாவிடினும், அடுத்த வீட்டுக்கு இது பயன்படும்.

முதல் வாயில் மருத்துவர். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவர், சூளுரைத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவது வீரம்போலத் தோன்றும். அதிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாததைக் காண்பர், கேளாததைக் கேட்பர். கவனியாது விட்டால் அது உயிரையே வாங்கும். "பேய் பிடித்துவிட்டது" என்று அவரைக் கட்டி வைப்பதும், வேப்பிலை அடிப்பதும் இந்த நேரத்தில்தான்! அமைதிப்படுத்தும் மருந்தும், பி1 வைட்டமினாகிய தயமினும், நீரும் உணவும் தந்து, ஒரு வாரம் கண்காணித்தால் இந்தக் கண்டத்தைக் கடந்துவிடலாம். நடுக்கம் மிகுந்தவரும், முன்பு வலிப்பு கண்டவரும் மருத்துவமனையிலே படுக்கையில் இருந்துதான் நிறுத்த வேண்டும். இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம்.

ஆனால் நஞ்சு இறங்கியதும் நோய் போய்விட்டதாகக் கருதி வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். உண்மையில் அன்றுதான் வேலை தொடங்குகிறது. வேட்கை மனத்திலே அல்லவா குடிகொண்டிருக்கிறது! அதற்கென்று மருந்துகள் உண்டு. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்பன வேட்கையைத் தணிக்க உதவுவன. டைசல்ஃபிரம் என்பது வேறு வகை. 1948-இல் டென்மார்க்கு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தது அது. அதனை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், இரத்த அழுத்தம் வீழும். அந்த அச்சமே அவருக்குக் காவல். தெரிந்து, ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் உண்பவருக்கு அது துணை. தெரியாமல் உண்பவருக்கோ? "குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம்" என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த வலையிலே தாலியைக் காக்கத் துடிக்கும் தாய்மார்கள்தாம் விழுகிறார்கள். குழம்பிலே என்ன கலக்கிறோம் என்பதை அவர்களும் அறியார், உண்பவரும் அறியார். உண்டவர் அன்று மாலையே கடைக்குச் சென்றால் அவர் நெஞ்சு தாங்குமா? தாய்மார்களே, கலக்காதீர்கள்!

அடுத்து, தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு இல்லங்கள். நல்லவையும் உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரிலே துவண்டு விடாமல், 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நோயாளிக்கு மட்டுமின்றி அவர் குடும்பத்தாருக்கும் அங்கே பயிற்சி உண்டு. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று, ஊராரின் துணையோடு முகாம் நடத்திய வரலாறும் அதற்கு உண்டு. ஆனால் மறுவாழ்வு என்று பெயர்ப்பலகை மாட்டியவை எல்லாம் மறுவாழ்வு தருவன அல்ல. நள்ளிரவில் வண்டியோடு வந்து ஆளைத் தூக்கிச் செல்வதும், பூட்டி வைத்து அடிப்பதும் சிகிச்சையாகுமா? மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த ஏர்வாடி இல்லத்திலே, 2001 ஆகத்து 6-ஆம் நாள் தீப்பற்றியபோது, ஓட முடியாமல் 28 பேர் கருகினரே, அந்தப் பாடத்தை மறக்கலாமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. மது நோயருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆகவே இல்லத்தில் சேர்க்கும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? நாள்தோறும் மருத்துவர் வருகிறாரா? நாங்கள் வந்து பார்க்கலாமா? வெளியே வந்தபின் யார் கவனிப்பார்? முகம் சுளிக்காமல் விடை சொல்லுபவரிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, தோழமை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலே இரண்டு குடிநோயர் சந்தித்து ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதில் பிறந்தது, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் 'ஏ.ஏ.' இயக்கம். 1957 முதல் இந்தியாவிலும் நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே நுழைவுச்சீட்டு. வீழ்ந்தவன் எழுந்து நின்று பேச, வீழ்ந்து எழுந்தவர் கேட்கின்றனர். "அங்கே இறைவன் பெயர் சொல்லுகிறார்களே, பகுத்தறிவாளன் போகலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஆய்வு சொல்வதைக் கேட்பதன்றோ பகுத்தறிவு! 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு கொண்டவற்றை, ஒருசேர நிறுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2020-இல் வெளிவந்தது. மதுவை முற்றிலும் விட்டு நிற்பதில், இந்த வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, மற்ற உளச் சிகிச்சைகளுக்குச் சளைத்ததன்று, சற்று மேம்பட்டதே என்றது அது. இறைப்பேச்சு ஒவ்வாதவருக்கு 1994 முதல் ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்களும் உண்டு. இணையத்தின் வழியாகவும் கூடுகின்றன. இரண்டும் ஒவ்வாதா? வேறு வழி பாருங்கள், வாளா இருக்காதீர்கள்.

நான்காவது, ஆற்றுப்படுத்துநர். இதற்குப் பெரும் படிப்பு படித்தவரே வேண்டும் என்பதில்லை. கோவாவிலே 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே, மதுவால் கேடுற்ற ஆடவருடன் நான்கு முறை வரை அமர்ந்து பேசினர். அப்பேச்சைப் பெற்றோரில் மூன்று மாதத்தில் நிலை தேறியோர் 100-க்கு 36 பேர். பெறாதோரில் 26 பேர். 2017-இல் வெளிவந்த முடிவு இது. நூற்றுக்குப் பத்துக் குடும்பம்! நம் ஊர்ச் சுகாதார நிலையத்திலே ஒரு நாற்காலியும், பயிற்சி பெற்ற ஓர் ஆளும் போதுமே!

விரதமும் கயிறும் பயனற்றவையா என்று கேட்பீர்கள். மாலை அணிந்து ஒரு மண்டலம் மதுவைத் தொடாதிருப்பவரை நாம் அறிவோம். அவரால் முடியும் என்பதற்கு அது சான்று. மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதே வினா.

சரி, இத்தனை வழிகளில் எது சிறந்தது? அமெரிக்காவில் 1,726 பேரை மூவகை உளச் சிகிச்சைகளுக்குப் பிரித்தனுப்பிச் சோதித்தனர். 1997-இல் முடிவு வந்தது: மூன்றிலும் மக்கள் தேறினர், ஒன்றுக்கொன்று பெரும் வேறுபாடில்லை. இதன் பாடம் தெளிவு. அவர் எதில் நிலைத்து நிற்பாரோ அதுவே அவருக்குச் சிறந்த வழி. மருந்தும் உண்ணலாம், குழுவிலும் அமரலாம், ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. இடையிலே ஒருமுறை சறுக்கினால், "தெரியுமே, நீ திருந்தமாட்டாய்" என்று தூற்றாமல், மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள். தேர்வு செய்யும் உரிமை நோயாளிக்கே. தாமே தேர்ந்த வழியிலேதான் கால் ஊன்றி நடப்பான் மனிதன்.

அவருக்குப் பின்னாலே வாடி நிற்கும் மனைவிக்கும் துணை வேண்டும். குடிநோயர் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் குழுக்கள் இயங்குகின்றன. அவர் திருந்தும்வரை இவர் காத்திருக்க வேண்டியதில்லை. குடிக்கும் பெண்களும் நாட்டில் உண்டு. நாணத்தால் நோயை மறைத்து மடிகின்ற அவர்களுக்குத் தனி இடமும், பெண் மருத்துவரும் வேண்டும்.

ஆயினும், தோழரே, தேர்வு உரிமை என்பது தேர்ந்தெடுக்க ஏதேனும் இருந்தால்தானே பொருளுள்ளது! அன்றாடக் கூலிக்காரன், ஒரு மாதம் வேலையை விட்டு எந்த இல்லத்தில் தங்குவான்? அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? 2023-24 நிதியாண்டில் மட்டும் மதுவால் தமிழ்நாட்டு அரசின் கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். வலக்கையால் இத்தனையும் வாங்கும் அரசு, இடக்கையால் கொடுப்பது என்ன? புட்டியின் மேல் ஓர் எச்சரிக்கை வாசகமா? கேட்கிறோம்: வட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் மது நோயருக்கெனப் படுக்கைகள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் ஆற்றுப்படுத்துநர் வேண்டும். கூலி வேலை முடிந்து வருபவருக்கு மாலை நேரச் சிகிச்சை வேண்டும். வேட்கை தணிக்கும் மருந்து விலையின்றி வேண்டும். தனியார் இல்லங்களை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். மது வருவாயில் ஒரு பங்கை இதற்கெனச் சட்டத்தாலேயே ஒதுக்கிவிட்டால், எந்த அமைச்சரின் தயவும் வேண்டியதில்லை.

அரசிடம் கேட்பது ஒருபுறம். நாம் செய்வது? ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கப் புட்டி நீட்டுபவன் எந்தக் கட்சிக்காரனாயினும், நம்மவனேயாயினும், அவன் மக்கள் பகைவன் என்று அறைந்து சொல்லுவோம். நம் படிப்பகங்கள் மாலையிலே பூட்டிக் கிடப்பானேன்? கொடி கட்டாமல், கூட்டம் போடாமல், மீள விரும்புவோர் கூடிப் பேச ஓர் அறை தருவோம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணைக் கடைத்தெருவிலே எழுதி வைப்போம். கிளைக்கு ஒரு தோழர், தம் வட்டாரத்தில் மருத்துவர் எங்கே, குழு எங்கே, நல்ல இல்லம் எது என்பதை அறிந்து வைத்திருக்கட்டும்.

மதுக்கடைக்கு வழி சொல்லத் தெரிந்த ஊர் இது. கை நடுங்க நிற்பவன் கேட்கும் நாளில், மீளும் வழியையும் சொல்லத் தெரிந்த ஊராக இதனை ஆக்குவோம். வழி சொல்வதோடு நில்லாமல், முதல் நாள் அவனுடன் நடந்தும் செல்வோம்.