ஐக்கியம் வாளாலா, சம்மதத்தாலா?

கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறி இறங்கும் ஜனங்களில், இதே நகரத்துக் கோட்டைமேட்டுக்கு அப்பெயர் வந்த வரலாற்றை நினைப்பவர் எத்தனை பேர்? கோட்டை மறைந்தது, பெயர் மட்டும் நிற்கிறது. 1800-ஆம் வருஷம் ஜூன் 3-ந் தேதி அக்கோட்டையைக் கைப்பற்றிக் கும்பினிப் படையைக் கொங்கு நாட்டிலிருந்து துரத்தப் பாளையக்காரர் கூட்டணி திட்டமிட்டது. விருப்பாட்சி கோபால நாயக்கர், தீரன் சின்னமலை முதலியோர் அதில் முன்னின்றனர். சிவகங்கை மருது சகோதரர், மலையாளத்துக் கேரள வர்மா, மைசூர்ச் சீமையின் துந்தியா வாக் ஆகியோருடனும் தொடர்பு ஏற்பட்டிருந்தது. முயற்சி பலிக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் துந்தியா யுத்தத்தில் மாண்டார்; 1801 அக்டோபரில் மருது சகோதரரும், 1805-ல் சின்னமலையும் தூக்குமேடை ஏறினர்.

இவர்களுக்கு வீரத்தில் குறைவுண்டோ? இல்லை. குறைவு ஐக்கியத்திலேதான். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். எட்டயபுரத்தாரும் கும்பினிக்கே துணை நின்றனர். தத்தம் பாளையத்தின் எல்லையையே தேசத்தின் எல்லையென்று கருதியவர்களைத் தனித்தனியே வீழ்த்துவது அந்நியனுக்கு எளிதாயிற்று.

ஜப்பானியரும் 16-ஆம் நூற்றாண்டில் இவ்வாறே பிரிந்து கிடந்தனர். நொபுநாகா 1568-ல் கியோட்டோவில் பிரவேசித்தார். 1582-ல் தம் சேனாபதி ஒருவனின் துரோகத்தால் மாண்டார். ஹிதெயோஷி 1588-ல் குடியானவரின் வாள்களைப் பறித்து, 1590-ல் பிரபுக்கள் அனைவரையும் கீழ்ப்படுத்தினார். இயெயாசு 1600-ல் செகிகஹாராவில் வென்று, 1603-ல் ஷோகுன் ஆனார். இரண்டரை நூற்றாண்டு உள்நாட்டில் அமைதி நிலவியது மெய்யே. ஆயினும் பிரபுக்களின் மனைவி மக்களை எடோ நகரில் பிணையாக வைத்துக் காத்த அமைதி அது! செகிகஹாராவில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த சத்சுமாவும் சோஷூவுமே 1868-ல் ஷோகுன் ஆட்சியைக் கவிழ்ப்பதில் முன்னின்றன. வாளால் வந்த ஐக்கியம் வஞ்சத்தை அழிக்கவில்லை, உறங்க வைத்தது.

நம் தேசம் வேறு வழி கண்டது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை 1947 முதல் படேலும் வி.பி. மேனனும் பெரும்பாலும் உடன்படிக்கையாலேயே இணைத்தனர். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்துக்குச் சேனை அனுப்ப நேர்ந்ததை நாம் மறைக்கவில்லை. ஆனால் அது விதியன்று, விலக்கே. கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்த அதே புதுக்கோட்டை, 1948 மார்ச்சில் ஒரு துப்பாக்கி வெடிக்காமல் சென்னை மாகாணத்துடன் கலந்தது.

அந்தச் சம்மதத்தை வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டுமென்பதே இன்றைய பிரச்சினை. லோக்சபை ஸ்தானப் பங்கீடு 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையின்படி நிறுத்தி வைக்கப்பட்டது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வரை அந்நிறுத்தத்தை நீட்டியது 2001-ஆம் வருஷத்துத் திருத்தம். ஒவ்வொரு பிரஜையின் வோட்டுக்கும் சம மதிப்பு வேண்டுமென்ற வடநாட்டாரின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் சர்க்காரின் கொள்கையை ஏற்றுக் குடும்பத்தைச் சுருக்கிய தெற்கு, அதன் பயனாகவே தன் குரலை இழப்பது எந்த நியாயம்? இது எண்ணிக்கை பலத்தால் தீர்க்கத் தக்க விஷயமன்று. சமமாய் உட்கார்ந்து பேசித் தீர்க்கத் தக்கது.

தமிழர் ஒன்றை மறத்தலாகாது: தனித்து நின்ற பாளையங்கள் அழிந்தன. டில்லி மற்றொன்றை மறத்தலாகாது: பணிய வைத்துப் பெற்ற ஐக்கியம் நெடுநாள் நில்லாது. கோட்டைமேடு முதற்பாடத்தையும், எடோ இரண்டாம் பாடத்தையும் கற்பிக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கற்பவரே மெய்யான தேசாபிமானிகள் என்பது நமது அபிப்பிராயம்.