பழைய ஸ்விட்ச் மேல பழி போடாதீங்க

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கத்துல ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். ஏழு கம்ப்யூட்டர், ரெண்டு பிரிண்டர், 20-ஆம் தேதி நெருங்கினா ஜிஎஸ்டி பதட்டம். "நெட்வொர்க் ரொம்பப் பழசாம், எல்லாத்தையும் மாத்தணும்னு கொட்டேஷன் கொடுத்திருக்காங்க. நீ ஒரு தடவ பாத்துட்டு வா"ன்னு சித்தப்பா அனுப்பினார். பாக்கெட் ட்ரேசர்ல பத்து ரவுட்டர் போட்டு ஓட விட்டவன் நான். நிஜத்துல ஒரு ஆர்ஜே-45 கனெக்டர்கூட கிரிம்ப் பண்ணினதில்ல.

அங்க பிரச்சினை இதுதான்: சில நாள் மூத்த அக்கவுண்டன்ட் மேடம் சிஸ்டத்துல மட்டும் டேலி டேட்டா திறக்காது. ஆபீஸ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாக்கறவங்க. "மேடம் ஏதாவது தப்பா அழுத்தியிருப்பாங்க"ன்னு சின்னப் பசங்க சிரிப்பாங்க. அவங்களும் அப்படித்தான்னு நம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

நான் ஐபி அட்ரஸ் பாத்தேன். மத்தவங்களுக்கு 192.168.1-ல ஆரம்பிக்குது, மேடத்துக்கு 192.168.0. கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனா, அவங்க மேஜைக்கு அடியில இன்னொரு வைஃபை ரவுட்டர்! கொரோனா சமயத்துல யாரோ மாட்டினது. ரெண்டு ரவுட்டரும் டிஹெச்சிபி வழியா ஐபி கொடுக்குது. சிஸ்டம் ஆன் ஆனதும் எது முதல்ல பதில் சொல்லுதோ அந்த நம்பர்தான். மேஜைக்கு அடியில இருக்கறது அடிக்கடி முந்திக்கும். அதுல டிஹெச்சிபி-யை ஆஃப் பண்ணேன். செலவு பூஜ்யம்.

அந்த கொட்டேஷனைத் திரும்பப் படிச்சப்போதான் எனக்குக் கோபம் வந்தது. புது ஸ்விட்ச், புது கேபிள், புது ரேக். பழைய 10/100 ஸ்விட்ச்சை ஏன் மாத்தணும்? நொடிக்கு 100 மெகாபிட், அதாவது சுமார் 12 மெகாபைட். ஏழு பேர் டேலி பாக்க தாராளம். அவங்க இன்டர்நெட் பிளானே 100 எம்பிபிஎஸ்தான்.

ஆனா டேலி டேட்டா மொத்தமும் உக்காந்திருந்தது ஒரு விண்டோஸ் 7 மெஷின்ல. அதைப் பத்தி கொட்டேஷன்ல ஒரு வரிகூட இல்ல. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தினது 2020 ஜனவரி 14. வான்னாக்ரை ஞாபகம் இருக்கா? 2017 மே மாசம் ஃபைல் ஷேரிங்ல இருந்த ஓட்டை வழியா மெஷினுக்கு மெஷின் தாவி ஃபைலையெல்லாம் பூட்டிச்சு. அந்த ஓட்டைக்கு அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடியே வந்தாச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. இந்த மெஷினுக்கு இனிமே புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா போடறதுக்கு அப்டேட்டே வராது. பேக்கப்? "அதிலேயே டி டிரைவ்ல இருக்கு தம்பி"ன்னாங்க.

பழசுல ரெண்டு வகை இருக்குங்கறது என் கருத்து. மெதுவா ஓடுற பழசோட குடித்தனம் பண்ணலாம். அப்டேட் நின்னுபோன பழசை நெட்வொர்க்ல வெச்சிருக்கவே கூடாது. டேட்டாவை அங்கிருந்த விண்டோஸ் 11 மெஷினுக்கு மாத்தினோம். பழைய ஸ்கேனர் விண்டோஸ் 7-ல மட்டும்தான் வேலை செய்யும். அதனால அந்த மெஷினை வீசல, லேன் கேபிளை மட்டும் உருவிட்டோம். திருமயிலை ஸ்டேஷன்ல ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். வாங்கினது ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு லேபிள் ரோல். வாரம் ஒரு டிஸ்க் மாத்தி மாத்தி ஆடிட்டர் வீட்டுக்குப் போகும்.

அதிக நேரம் எடுத்தது லேபிள் ஒட்டறதுதான். எந்தக் கேபிள் எங்க போகுதுன்னு அந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. ஒரு முழு மத்தியானம் தரையில உக்காந்து நான் இழுக்க, மேடம் "இது பிரிண்டர், இது சார் ரூம்"னு சொல்ல, ஒரு ஏ4 தாள்ல வரைஞ்சோம். நம்ம நெட்வொர்க்ஸ் லேப்ல இதுக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட்கூட இல்ல. எட்டு செமஸ்டர்ல ஒரே ஒரு நாள், ஏதாவது ஒரு பழைய ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன?

அந்தத் தாள் இப்போ ஸ்விட்ச் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கு. எழுத்து மேடத்தோடது. சின்னப் பசங்களுக்கு நெட் வரலைன்னா இப்போ அவங்களைத்தான் கூப்பிடறாங்களாம்.